காரையன் என்று ஒரு கூட்டம்

“எந்தூருங்க?” என்று கந்தப்பக் கவுண்டர் கேட்டார்.

“காங்கயத்துக்கு அக்கட்டாலீங்க.”

“ஆத்தைத் தாண்டியா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?”

“மழை இல்லீங்க. கெணத்துல பாறைதான் கெடக்குது. எங்கயாச்சும் வாரத்துக்குக் காடு கெடைச்சா உழுது பொழைக்கலாம்னு கெளம்பிட்டோமுங்க.”

“அப்புடீங்களா. என்ன கூட்டமுங்க?”

வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அந்த ஆள் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மாடு குடித்து முடித்தது. மற்றதைத் தொட்டிக்கு இழுத்துவிட்டு, அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, களத்து வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“காரையன் கூட்டமுங்க.”

களத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஆத்தாயியின் கை நின்றது. அவள் கந்தப்பக் கவுண்டரின் மனைவி. “நானும் எத்தனையோ கூட்டம் கேட்டிருக்கறேன். இது புதுசா இருக்குதே.”

“எச்சு இல்லீங்க அக்கா. கொஞ்சம் குடித்தனந்தான்.”

“குலசாமி கோயலு எங்க இருக்குது?”

“மலையோரத்துலீங்க. வண்டி கூடப் போகாது.”

“ஒவ்வொரு கூட்டமும் ஏதாச்சும் ஒண்ணைத் தொடாம இருப்பாங்க. உங்களுக்கு என்ன?”

“காரைச் செடியை வெட்ட மாட்டோமுங்க.”

ஆத்தாயி சிரித்துவிட்டாள். “நல்ல கூத்து. எங்க தெக்காடு பூராவும் காரை முள்ளு. அதை வெட்டித் திருத்தத்தான் ஆள் தேடிட்டு இருக்கறோம்.”

“சுத்திப் போயி உழுதுக்கறேனுங்க அக்கா. முள்ளும் பொழைச்சுப் போகட்டும், நாங்களும் பொழைச்சுக்கறோம்.”

கந்தப்பக் கவுண்டருக்கும் சிரிப்பு வந்தது. “சரி, ஊட்டுக்காரி பொறந்த கூட்டம்?”

இதற்கு அந்த ஆள் வாயைத் திறக்கும் முன் வண்டிக்குள்ளிருந்து பெண் குரல் வந்தது. “மேலந்தை கூட்டமுங்கண்ணா.”

“அட! நம்ம கூட்டம்! நம்மூட்டுப் பொண்ணு!” கவுண்டர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டார். “அடி செல்லாயி, உனக்கு அத்தை ஒருத்தி வந்திருக்குது பாரு. ஓடிப் போயி மோர் கொண்டா கண்ணு.”

செல்லாயி ஓடினாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்துக் கோடை அது. ஊர், புதுச்சத்திரத்துக்குத் தெற்கே சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த கரட்டுப்பாளையம். மோர்ச் சொம்போடு அவள் திரும்பி வருவதற்குள் தெக்காடு அந்தக் குடும்பத்துக்கு வாரத்துக்கு என்று பேசி முடிந்திருந்தது. ஆளின் பெயர் மருதாசலம். வண்டியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிய நிறைமாதக்காரி குப்பாயி.

அன்று பொழுதோடு ஆத்தாயி கணவனிடம் சொன்னாள்: “பொம்பளைக்குக் கூட்டத்துப் பேரு பட்டுனு வாயில வருது. ஆம்பளைக்கு மாடு தண்ணி குடிச்சு முடிச்ச பொறகு வருது. எனக்கு என்னமோ சரியாப் படலீங்க.”

“உனக்கு எது சரியாப் பட்டிருக்குது?” என்று கவுண்டர் துண்டை உதறினார்.

அந்தப் பக்கத்து வெள்ளாளக் குடும்பங்களில் ஒருவரை அறிவது என்றால் கூட்டத்தை அறிவதுதான். ஒரே கூட்டத்தார் எத்தனை ஊர் தள்ளியிருந்தாலும், தலைமுறை தலைமுறையாக முகம் பார்க்காதிருந்தாலும் பங்காளிகள்; ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. பெண் பிறந்த கூட்டத்தின் பெயர் கல்யாணமாகிப் போன பிறகும் அவளை விட்டுப் போகாது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் வேற்றுக் கூட்டத்தில்தான். தன் கூட்டத்திலேயே ஒருத்தியைக் கட்டுவது உடன்பிறந்தவளைக் கட்டுவதற்குச் சமம். அப்படிச் செய்தவர்களோடு ஊர் தண்ணீர் கூடப் புழங்காது. ஆகவே கூட்டம் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு எந்த ஊரும் நிம்மதியாக இருக்க முடியாது. கூட்டம் தெரிந்துவிட்டாலோ, அண்ணன், மாமன், மச்சான் என்று அரை நாழிகையில் எல்லா உறவும் தானாக வரிசையில் வந்து நின்றுவிடும்.

குப்பாயிக்கு அப்படித்தான் நின்றது. கந்தப்பக் கவுண்டருக்கு உடன்பிறந்த பெண் இல்லை. வழியில் வந்தவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர் அதைக் கடைசிவரை குறைக்கவில்லை. அவள் பிரசவத்துக்கு வெல்லமும் நெய்யும் அனுப்பினார். ஆடிக்கு அழைத்துச் சீலை எடுத்துக் கொடுத்தார். பிறந்த பெண் குழந்தைக்குக் கண்ணாத்தாள் என்று பெயர் வைத்தபோது தாய்மாமன் என்று மடியில் வாங்கிக்கொண்டது அவர்தான். அந்த வகையில் மருதாசலம் அவருக்கு மாப்பிள்ளை. செல்லாயிக்கும் அவள் அண்ணன் வேலுசாமிக்கும் மாமா.

மருதாசலத்துக்கு அந்த முறை நன்றாகவே பொருந்தியது. கேலிக்காரர். ஓங்கிய உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, எதையும் சிரித்தே தட்டிவிடும் நாக்கு. வாரம் தவறாமல் நாவிதர் சின்னானிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு, “இந்த மூஞ்சிக்கு இதுக்கு மேல பண்ண முடியாது, உடு” என்பார். தெக்காட்டில் அவர் முதல் வருஷம் கம்பும் அடுத்த வருஷம் கடலையும் போட்டார். சொன்னபடியே காரை முள் ஒன்றைக்கூட வெட்டவில்லை. ஏர் முள்ளுக்கு முள் வளைந்து வளைந்து போகும். மாட்டுக்கும் கீறல், அவருக்கும் கீறல். கால் முழுக்கக் காய்ந்த கோடுகளோடு அவர் வருவதைப் பார்த்துக் கவுண்டரே ஒருமுறை, “சாமி குத்தம் என் மேல வரட்டும் மாப்பிள்ளை, நான் வெட்டி எறியறேன்” என்றார்.

“ஐயோ, வேண்டாமுங்க மச்சான். அது எங்களுக்குப் பாட்டன் மாதிரி.”

“குத்தற பாட்டனை எங்கயாச்சும் பாத்திருக்கறியா?” என்று ஆத்தாயி கூடத்திலிருந்தே கேட்டாள்.

“எங்க பாட்டன் குத்துவாருங்க அக்கா. பேச்சுல.”

சில வருஷத்தில் தெக்காடு என்ற பெயரே மறைந்து ‘காரையங்காடு’ என்று ஆகிவிட்டது. அவரும் காரையங்காட்டார் ஆனார். ஊருக்கு ஒரு கூட்டம் கூடிவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆத்தாயி மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் சந்தேகம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அது வருஷத்துக்கு வருஷம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. குழந்தைக்கு முதல் முடி குலசாமி கோயிலில் இறக்குவதுதான் வழக்கம். மருதாசலம் திருச்செங்கோட்டு மலையில் இறக்கினார். காதுகுத்துக்கு அவர் பக்கத்து உறவு ஒருவர்கூட வரவில்லை. கேட்டதற்கு, “எனக்கு ஒறம்பரை எல்லாம் இந்த மாடுகதானுங்க. சீர் குறைஞ்சுதுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காது” என்றார். மாட்டுச் சந்தை கூடும் புதன்சந்தை கூப்பிடு தூரத்தில் இருந்தது. மாடு பிடிப்பதென்றால் அவருக்கு உயிர். ஆனால் மேற்கத்தி வியாபாரிகள் காங்கயம் காளைகளை ஓட்டிவரும் நாளில் அவருக்குக் காய்ச்சல் வரும், இல்லாவிட்டால் கால் சுளுக்கும்.

“அந்தப் பக்கத்து ஆளுக கண்ணுல படாம ஒளியறான்” என்பாள் ஆத்தாயி. “கொலை பண்ணிட்டு வந்தவனா, சாதியை மாத்திச் சொல்றவனா, எதுன்னு தெரியல. முள்ளைச் சாமின்னு கும்புடற கூட்டத்தை நான் கண்டதே இல்ல. இதுல அந்தப் பொண்ணு வேற உங்களை அண்ணா அண்ணாங்குது.”

“குப்பாயியையும் சந்தேகப்படறியா?”

“அவ பொறந்த கூட்டம் நெசந்தான். அவ சொன்ன தோரணை நெசம். அவளை எங்கிருந்து இழுத்துட்டு வந்தான்னு தான் கேக்கறேன்.”

செல்லாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தாள். அதிகம் பேசாத பெண். சேலத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கித் தமிழும் இங்கிலீஷும் படித்து, வாத்தியாரம்மா வேலைக்கும் பயின்று, ஊருக்குத் திரும்பிப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்தாள். தாயின் சந்தேகம் அவளுக்கும் தொற்றியிருந்தது. ஆனால் தாய்க்கு அது வாயில் இருந்தது, இவளுக்குக் கண்ணில். மாமா ஒரு கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும்போது, அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை என்பதை அவள் கவனிப்பாள். அத்தை அந்தச் சமயங்களில் எழுந்து போய் எதையாவது கழுவத் தொடங்குவதையும் கவனிப்பாள். ஒருவரிடமும் சொல்ல மாட்டாள். அவர்களை அவளுக்குப் பிடித்திருந்ததுதான் சங்கடம்.

யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் அருமையாயிற்று. வேலுசாமிக்கு இருபத்திரண்டு வயது. கண்ணாத்தாளைத் தவிர வேறொரு பெண்ணைப் பற்றி அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. அத்தை மகள், உரிமைப் பெண். சிறுவயதிலிருந்தே கிணற்றடியில் மற்றவர்கள் அவளை, “மாமனூட்டு எருமை உன்னைத்தான் தேடுதாம், போயிக் கறந்துட்டு வா” என்று கேலி செய்வார்கள். அவள் முகத்தைச் சுளிப்பாள். ஆனால் போய்க் கறந்துகொடுத்துவிட்டுத்தான் வருவாள். வேலுசாமியோ காரையங்காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் எங்கும் போவான். ஆத்தாயிகூட இதில் எதிர்ப்புச் சொல்லவில்லை. “பொண்ணு தங்கமான பொண்ணு. அப்பன்தான் புரியாதவன். நம்மூட்டுக்கு வந்துட்டா அப்பன் பேரு எதுக்கு?” என்றாள்.

நல்ல நாள் பார்த்துக் கவுண்டர் தாமே காரையங்காட்டுக்குப் போய்க் கேட்டார். சந்தோஷத்தில் மாப்பிள்ளை துண்டை மேலே எறிவான் என்று எதிர்பார்த்துப் போனார்.

மருதாசலம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “சின்னப் பொண்ணுங்க மச்சான்” என்றார்.

அவளை விடச் சின்னவர்கள் இடுப்பில் பிள்ளையோடு இருந்தார்கள். கவுண்டர் திரும்பி வந்தார். அடுத்த முறை, யுத்தம் முடியட்டும் என்று பதில் வந்தது. அதற்கடுத்து ஜாதகம் என்று வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் ஜாதகம் எழுதியதே இல்லை. கடைசியில், “ஜலகண்டாபுரத்துப் பக்கம் ஒரு எடம் சொல்லியிருக்கறாங்க, வாக்குக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சு” என்றார். யார் சொன்னது, எந்த வீடு என்று கேட்டால் மறுபடியும் சிரிப்பு.

ஆத்தாயி கொதித்துவிட்டாள். “நம்ம காட்டுல முள்ளைக் காத்துட்டுக் கெடந்தவனுக்கு எம் பையன் ஆகாமப் போயிட்டானா? என்ன கொறை கண்டான்? கேளுங்க, நேரா கேளுங்க.”

கவுண்டர் கேட்டார். இந்த முறை களத்தில் நான்கு பேர் இருக்கும்போதே கேட்டார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

“மாப்பிள்ளை, உரிமை உள்ள எடத்துல கேட்டேன். இல்லேங்கறதுக்குக் காரணம் சொல்லோணும். நீங்க சொல்லலீன்னா நான் விசாரிச்சுக்கறேன். நம்ம பச்சமுத்து மாட்டு யாவாரத்துக்கு மேக்கே போறான். காரையன் கூட்டம் எங்க இருக்குது, அவங்க காணிக் கோயலு எது, அங்க மருதாசலம்னு யாரு இருந்தாங்கன்னு கேட்டுட்டு வரட்டும்.”

மருதாசலத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கண்கள் அதோடு சேராமல் தனியாக நின்றதைச் செல்லாயி பார்த்தாள்.

பச்சமுத்து புறப்படுவதற்குள் கவுண்டரின் பெரியப்பா கருப்பண்ணக் கவுண்டர் இறந்துபோனார். மேலந்தை கூட்டத்து மூத்த கிழவர். ஊரில் இருந்த பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. கருமாதி முடியும்வரை பங்காளி ஆண்கள் முகம் மழிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, வெற்றிலை கூடாது, கறி கூடாது, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. எந்தச் சோலியும் தள்ளிப்போனது. பச்சமுத்துவின் பயணமும் தள்ளிப்போனது.

மாமன் மச்சான் முறைக்காரர்களுக்கு இந்தத் தீட்டு கிடையாது. அவர்கள் வந்து அரிசி பருப்புக் கொடுத்துச் சமைத்துப் போட்டுவிட்டு, தங்கள் வீட்டில் வழக்கம்போல இருக்கலாம். மருதாசலமும் அப்படித்தான் வந்தார், மூட்டை இறக்கினார், போனார்.

ஒருநாள் சின்னான் வாசலில் நின்று ஆத்தாயியிடம் சொன்னார்: “காரையங்காட்டாரு எங்கிட்ட மூஞ்சியே காட்ட மாட்டேங்கறாருங்க. தாடி வளந்து கெடக்குது. கேட்டா, பல்லு வலி, கத்தி பட்டாத் தெறிக்குதுங்கறாரு.”

“பொண்ணு குடுக்க மாட்டேன்னவனுக்குப் பல்லு வலிக்காம இருக்குமா?” என்று ஆத்தாயி அதைப் பல்வலியாகவே எடுத்துக்கொண்டாள்.

செல்லாயி எடுத்துக்கொள்ளவில்லை. மாரியம்மன் கோயில் பொங்கலுக்குத் தீட்டில்லாத மற்றக் கூட்டத்தார் எல்லோரும் உள்ளே போனபோது மாமா வெளியே புளியமரத்தடியில் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலில் முள் ஏறிவிட்டது என்றார். அந்தக் காலில் முள் ஏறாத நாள் எது? வெற்றிலைப் பையும் இடுப்பில் இல்லை. பல்வலி என்றால் வெற்றிலை போடாதிருக்கலாம். முள் என்றால் கோயிலுக்குள் வராதிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் வந்ததற்கு மட்டும் காரணம் இல்லை. இவர் ஒளிந்து செய்வது என்ன என்று அவளுக்கு அப்போதே லேசாகப் புலப்பட்டது. நம்பத்தான் தைரியம் வரவில்லை.

கருமாதி வந்தது. வியாழக்கிழமை. பங்காளிகள் எல்லோரும் கந்தப்பக் கவுண்டர் வீட்டுக் கிணற்றடியில் கூடி, முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்து முழுகித் தீட்டைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாத்தாள் வந்து அடுப்படியில் கூடமாட வேலை செய்தாள். பலகாரம் ஆனதும் ஆத்தாயி ஒரு தூக்கில் போட்டு, “அத்தைக்குக் குடுத்துட்டு வா. ஆயிரம் இருந்தாலும் நம்மூட்டுப் பொண்ணு” என்று செல்லாயியை அனுப்பினாள்.

காரையங்காட்டுக் கிணற்று மேட்டில் மருதாசலம் தனியாக உட்கார்ந்திருந்தார். மழித்த முகம் பளபளத்தது. தாமே கத்தி பிடித்திருப்பார் போல, தாடையில் இரண்டு இடத்தில் கீறியிருந்தது. தலையிலிருந்து எண்ணெய் வழிந்து புருவத்தில் நின்றது. பக்கத்தில் கொட்டாங்குச்சியில் கரைத்த அரப்பு.

புதனும் சனியும்தான் ஆண்கள் எண்ணெய் தேய்க்கும் நாள். வியாழக்கிழமை அந்த ஊரில் எண்ணெய் வைத்தவர்கள் மேலந்தை கூட்டத்துப் பங்காளிகள் மட்டுமே. அவர்களோடு இவர்.

அவளைப் பார்த்ததும் சிரித்தார். “உடம்பு சூடு அம்மணி. கண்ணெல்லாம் எரியுது.”

செல்லாயி தூக்கைக் கீழே வைத்தாள்.

“இன்னைக்கு வியாழக்கிழமை” என்றாள். மாமா என்று சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கையை அரப்புக்குக் கொண்டுபோனார். அது பாதியில் நின்றது.

“பல்லு வலி இல்ல. முள்ளும் இல்ல. எங்க பெரிய பாட்டனுக்கு நீங்க எதுக்குத் தீட்டுக் காத்தீங்க?”

குடிசையிலிருந்து குப்பாயி வந்தாள். வழக்கம்போல எதையும் கழுவப் போகவில்லை. கணவனையும் செல்லாயியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “சொல்லிருங்க” என்றாள். “பச்சமுத்து போயி ஊரைக் கூட்டிட்டு வர்றதுக்குப் பதிலா இந்தப் புள்ளகிட்டயே சொல்லிருங்க.”

மருதாசலம் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார்.

“நானும் மேலந்தை கூட்டந்தான் சாமி” என்றார்.

குப்பாயியைக் கை காட்டினார்.

“இவளும் நானும் ஒரே ஊரு. இவங்கப்பனும் எங்கப்பனும் ஒரே கெணத்துல எறைச்சவங்க.”

“நான் இவரை அண்ணான்னு கூப்புட்டவதான் கண்ணு” என்றாள் குப்பாயி. அதைச் சொல்லும்போது அவள் தலையைக் குனியவில்லை. “தெரிஞ்சேதான் வந்தோம். ஊட்டுல தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரையும் அந்தக் கெணத்துலயே போட்டிருப்பாங்க.”

“ஆத்தைத் தாண்டுனப்பவே முடிவு பண்ணுனோம்” என்றார் அவர். “புருஷன் பொண்டாட்டியா இருக்கோணும்னா ரெண்டு பேருல ஒருத்தரு கூட்டத்துப் பேரை உட்டாகோணும். இவ அப்பன் ஆத்தா, அண்ணன் தம்பி, பொறந்த ஊடு எல்லாத்தையும் உட்டுட்டு வந்தவ. பேராச்சும் அவகிட்ட இருக்கட்டும்னு நான் உட்டுட்டேன். என்ன பேரு வெச்சுக்கறதுன்னு யோசிக்கவே இல்ல. உங்கப்பன் கேட்டப்பதான் முழிச்சேன். வேலியில காரை முள்ளு நின்னுது. அதைச் சொன்னேன்.”

“தொடாம இருக்கறது என்னன்னு எங்கம்மா கேட்டதுக்கு?”

“அதுவும் அதேதான். வேற எதையாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்.” கீறல் விழுந்த கால்களைப் பார்த்துக்கொண்டார். “இத்தனை வருஷமாக் குத்துது.”

செல்லாயிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வருஷமாக இந்த மனிதர் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்வது மட்டும் எப்படி நேராக இருக்கும்? கண்ணாத்தாளுக்கு வேறு வசதியான இடம் பார்த்துவிட்டு, அதற்காக ஒரு கதை கட்டுகிறாரா? கொலையோ கொள்ளையோ செய்துவிட்டு அதை இதற்குள் மூடுகிறாரா? அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சந்தேகம் அவளை விட்டுப் போக மறுத்தது. ஆனால் பொய் சொல்கிற ஆள், பார்க்கிற ஆள் இருக்கும் இடத்தில் தீட்டுக் காப்பான். இவர் ஒருவருக்கும் தெரியாமல், காரணம் சொல்லிச் சொல்லி மறைத்துக்கொண்டு காத்தார்.

அவள் கேட்காமலே அவர் சொன்னார்: “பேரை உட்டுட்டேன் சாமி. தீட்டை உட முடியல. எங்கூட்டத்துப் பெரிய மனுசன் செத்துக் கெடக்கறாரு, நான் எண்ணெய் வெச்சுட்டு வெத்தலை போட்டுட்டுத் திரியறதா?”

செல்லாயி கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். அப்பாவின் மாப்பிள்ளை இல்லை, பங்காளி. அப்படியானால் கண்ணாத்தாள் வேலுசாமிக்குத் தங்கை முறை.

“அதுகளுக்கு எதுவும் தெரியாது, இல்லியா?”

“கண்ணாத்தாளுக்கு எதுவும் தெரியாது” என்றாள் குப்பாயி. “அவளுக்கு உங்கண்ணனைத் தவிர வேற நெனப்பு இல்ல. அது எனக்குத் தெரியும்.”

“காங்கயம் எங்கயோ இருக்குது, கரட்டுப்பாளையம் எங்கயோ இருக்குது. எந்தக் காலத்துல பிரிஞ்ச பங்காளியோ. ரத்தம்னு பாத்தா ஒண்ணும் இருக்காது அத்தை. வெளியில யாருக்கும் தெரியவும் தெரியாது. இந்தக் கல்யாணம் நடந்துட்டுத்தான் போகட்டுமே, என்ன?” சேலத்தில் படித்த படிப்பு கேட்ட கேள்வி அது.

“எங்களுக்குத் தெரியுமே” என்றாள் குப்பாயி. “நாங்க பண்ணுனது தெரிஞ்சு பண்ணுனது. தண்டனை வந்தாலும் இன்னதுக்குன்னு தெரிஞ்சு வாங்கிக்குவோம். அதுக ரெண்டும் அறியாத புள்ளைக. கண்ணைக் கட்டிக் கொண்டுபோயி நாங்களே அதுல தள்ளுறதா?”

“நாங்க மாட்டேன்னு சொன்னா உங்கப்பன் காரணம் கேப்பாரு. பச்சமுத்து மேக்கே போவான்” என்றார் மருதாசலம். “அங்க காரையன்னு ஒரு கூட்டமே இல்லேன்னு ஒரே நாள்ல தெரிஞ்சு போகும். மருதாசலம்னு சொன்னா மத்ததும் தெரிஞ்சு போகும். எங்களை அடிச்சுத் துரத்துனாக்கூடப் பரவால்ல. அந்தப் பொண்ணை அதுக்கப்பறம் எந்தக் கூட்டத்துல, எந்தப் பேரைச் சொல்லிக் குடுப்பேன்?”

தூரத்தில் கவுண்டர் வீட்டுப் பக்கமிருந்து பேச்சுக் குரல்கள் கேட்டன. முழுகியவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்கிறார்கள். அப்பாவும் அங்கே இருப்பார். தங்கச்சி இன்னும் வரவில்லையே என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

“பொண்ணூட்டுக்காரங்க மாட்டேன்னாத்தான் ஊரு தோண்டும். மாப்பிள்ளை ஊட்டுலயே முட்டிக்கிட்டு நின்னுட்டா ஆத்தைத் தாண்டிப் போயி யாரும் விசாரிக்க மாட்டாங்க.” அவர் இப்போது சிரிக்கவில்லை. சிரிக்காத அந்த முகத்தைச் செல்லாயி அதுவரை பார்த்ததே இல்லை. “நாங்க சரின்னு சொல்லிடறோம். இணைச்சீருக்கு நீதானே நிக்கோணும்?”

கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச் சீலை கட்டி அவனோடு இணையாக நிற்க வேண்டும். அதுதான் இணைச்சீர். உடன்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தியை நிறுத்துவதைக் கந்தப்பக் கவுண்டர் குடும்பம் செய்யாது. அவள் நிற்கவில்லை என்றால் தாலி இல்லை. நிற்க மறுத்த தங்கை ஒருத்தி அந்தப் பக்கத்தில் இருந்ததாகச் செல்லாயி கேள்விப்பட்டதில்லை. அண்ணன் முகத்தில் அதற்குப் பிறகு விழிக்க முடியாது. படிப்புத் திமிர் என்பாள் அம்மா. கண்ணாத்தாள் என்ன நினைப்பாள் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை. அண்ணன் கல்யாணத்தை முறித்தவள் என்ற பெயரோடு இருக்கும் பெண்ணைக் கேட்டு எந்த வீட்டிலிருந்து யார் வருவார்கள்?

அவருக்கும் அது தெரிந்திருந்தது. எண்ணெய் காயாத தலையோடு அவள் முன்னால் எழுந்து நின்றார்.

“பழி பூராவும் உன் மேல வரும். தெரிஞ்சுதான் கேக்கறேன். எங்களுக்குக் கேக்க வேற ஆளு இல்ல. இந்தக் கல்யாணத்துக்கு நான் இணைச்சீருக்கு நிக்க மாட்டேன்னு உங்கப்பன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு சாமி. ஏன்னு கேப்பாங்க. உங்கம்மா கேக்கும், உங்கண்ணன் அழுதுட்டுக் கேப்பான், எம் பொண்ணும் வந்து கேப்பா. யாரு கேட்டாலும் காரணம் மட்டும் சொல்லிராத.”